ஒரு பப், ஒரு ஜேசிபி, 30 வருடக் கவுன்சிலர் பதவி

‘அயர்லாந்தில் ஒரு கிராமத்தில் பப் நடத்தியவர், உள்ளூர் கவுன்சிலராக இருந்தே வளர்ந்து, கடைசியில் பிரதமரே அவர் தயவை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தாராமே, அது எப்படி? அங்கே கவுன்சிலருக்கு அவ்வளவு அதிகாரம் உண்டா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்வது ஜாக்கி ஹீலி-ரேயைத்தான் என்று நினைக்கிறேன். நான் 11 வருடமாகக் கெர்ரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), கில்லார்னியில் இருக்கிறேன். அவர் பிறந்து வாழ்ந்த கில்கார்வன், இங்கிருந்து மலையைத் தாண்டினால் வந்துவிடும். 2014 டிசம்பரில், 83 வயதில் அவர் காலமானார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் யாரிடமாவது ரோட்டைப் பற்றியோ வீடு கட்டுவதைப் பற்றியோ பேச்சு எடுத்தால், பத்து நிமிடத்துக்குள் அந்தக் குடும்பத்தின் பெயர் வந்துவிடும். பிடித்தவர்களும் சொல்வார்கள், பிடிக்காதவர்களும் சொல்வார்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் கவுன்சிலருக்கு அதிகாரம் மிகக் குறைவு. ஐரோப்பாவிலேயே பலவீனமான உள்ளாட்சி அமைப்புகளில் இதுவும் ஒன்று. பள்ளிக்கூடம், போலீஸ், ஆஸ்பத்திரி எதுவும் கவுன்சிலின் கையில் இல்லை. 2014-க்குப் பிறகு குடிதண்ணீரும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ரோடு, கவுன்சில் வீடுகள், கட்டட அனுமதி, நூலகம், தீயணைப்பு, பூங்கா இப்படிச் சில. அதிலும் தினசரி முடிவு எடுப்பவர் கவுன்சிலர் இல்லை. 1940-இல் வந்த ஒரு சட்டத்தின்படி கவுண்டி மேனேஜர் என்ற முழுநேர அதிகாரிதான் முடிவெடுப்பார். இப்போது அவரைத் தலைமை நிர்வாகி என்கிறார்கள். பட்ஜெட்டை நிறைவேற்றுவது, வளர்ச்சித் திட்ட வரைபடத்தை ஏற்பது மாதிரியான பெரிய விஷயங்கள் மட்டும் கவுன்சிலர்களின் ஓட்டுக்கு வரும். யாருக்கு வீடு ஒதுக்குவது, யார் வீட்டு பிளானுக்கு அனுமதி கொடுப்பது என்பதெல்லாம் அதிகாரியின் வேலை.

அதிகாரம் இல்லாத பதவியில் இருந்து ஒருவர் இவ்வளவு வளர்ந்தது எப்படி? அதிகாரம் இல்லாததால்தான் வளர்ந்தார் என்பது என் கருத்து. தானே முடிவெடுக்க முடியாத கவுன்சிலர், முடிவெடுக்கும் அதிகாரியிடம் உங்களுக்காகப் போய்ப் பேசுகிறவராக மாறிவிடுகிறார். ஒரு நாளைக்கு 20 பேருக்காகப் போன் போட்டு, 20 கடிதம் எழுதி, பதில் வந்ததும் வீடு தேடிப் போய்ச் சொன்னால், அந்த 20 குடும்பமும் அவரை மறக்காது. ஜாக்கி 30 வருடம் செய்தது இதைத்தான். அதை அவர் தன் தொழிலோடு பிரிக்கவே முடியாதபடி பின்னிக்கொண்டார்.

அவர் கதையைத் தொழிலில் இருந்தே தொடங்குவோம். 1931 மார்ச்சில் பிறந்தார். வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் சின்ன வயதிலேயே பண்ணை வேலை இவர் தலையில் விழுந்தது. அந்த வட்டாரத்தில் ஹீலி என்ற பெயர் ஏகப்பட்ட பேருக்கு உண்டு. அதனால் அடையாளத்துக்காகக் குடும்பம் இருந்த நிலப்பகுதியின் ஐரிஷ் பெயரில் இருந்து ‘ரே’ என்பதை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு அயர்லாந்து முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர், பக்கத்துப் பண்ணை ஹீலியிடம் இருந்து இவர்களைப் பிரித்துச் சொல்ல வைத்த பெயர்தான்.

கில்கார்வன் ரஃப்டி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற சின்ன ஊர். ஒரே ஒரு தெரு, இரண்டு பக்கமும் வண்ணம் அடித்த வீடுகள், பின்னால் மலை. கெர்ரி முழுக்கக் கால்பந்துப் பைத்தியம் (நம் ஃபுட்பால் இல்லை, கையாலும் தூக்கி ஆடும் கேலிக் ஃபுட்பால்). ஆனால் இந்த ஊர் மட்டும் மட்டையால் பந்தை அடிக்கும் ஹர்லிங் விளையாட்டைப் பிடித்துக்கொண்ட ஊர். 1950களில் கில்கார்வன் அணி கெர்ரியின் ஹர்லிங் சாம்பியனாக இருந்தது. ஜாக்கியும் அந்த அணியில் ஆடியவர். இதை வெறும் தகவலுக்காகச் சொல்லவில்லை. அயர்லாந்துக் கிராமத்தில் ஓட்டு வாங்க வேண்டுமென்றால் முதலில் கிளப்பில் ஆடியிருக்க வேண்டும். எந்த வீட்டுப் பையன் எங்கே வேலைக்குப் போயிருக்கிறான், எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

பண்ணைக்கு அடுத்து அவர் கையில் எடுத்தது மண் தோண்டும் இயந்திரம். பிளான்ட் ஹயர் என்பார்கள், நாம் சுருக்கமாக ஜேசிபி வாடகை என்று சொல்லலாம். தெற்குக் கெர்ரியின் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். எங்கே பார்த்தாலும் பாறை, சதுப்பு, ஓயாத மழை. வடிகால் வெட்டாமல் புல்கூடச் சரியாக வளராது. வீடு கட்ட மனையைச் சமப்படுத்த வேண்டும், கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்ட வேண்டும், தோட்டத்துக்குள் வண்டி போக வழி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஜேசிபிதான். இப்படி வேலைக்குப் போகிறவர் ஒவ்வொரு வீட்டுக் கொல்லைப்புறத்தையும் பார்த்துவிடுவார். யார் மகனுக்கு வீடு கட்ட நினைக்கிறார்கள், யாருக்குப் பிளான் அனுமதி மறுக்கப்பட்டது, யார் வீட்டுக்கு வரும் ரோடு உடைந்து கிடக்கிறது என்பது அந்த இடத்தில் நின்று பார்த்தால் தெரிகிற விஷயம். பின்னாளில் அவர் கவுன்சிலில் பேசியதும் இதே விஷயங்களைத்தான்.

1969-இல் கில்கார்வனில் பப் திறந்தார். அயர்லாந்தின் கிராமத்து பப்பை வெறும் மதுக்கடை என்று நினைத்தால் இந்தக் கதை புரியாது. ஞாயிறு பூசை முடிந்தாலும் அங்கே, சாவு வீட்டில் இருந்து திரும்பினாலும் அங்கே, மாடு விற்ற பணத்தை எண்ணுவதும் அங்கே. நான் முதல் தடவை போனது ஒரு நவம்பர் மாத வியாழக்கிழமை. வெளியே மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கவுண்டரில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரமாக அவர் முன்னால் இருந்த கோப்பையில் பாதிகூடக் குறையவில்லை. பேசத்தான் வந்திருந்தார். எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கவுண்டரில் நின்றவர் முதலில் கேட்டது ‘எங்கே தங்கியிருக்கிறீர்கள்?’ என்றுதான். அடுத்து ‘யாரிடம் வேலை?’ என்றார். இரண்டு கேள்வியில் நான் யார், யாரைத் தெரிந்தவன் என்பது அவர்கள் கணக்கில் ஏறிவிட்டது. அப்படி ஒரு இடத்துக்குச் சொந்தக்காரராக இருப்பவருக்குத் தனியாக அரசியல் அலுவலகம் தேவையில்லை.

இங்கே ‘கிளினிக்’ என்று ஒரு பழக்கம் உண்டு. பெயரைப் பார்த்து டாக்டர் என்று நினைக்க வேண்டாம். மக்கள் பிரதிநிதி குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து குறை கேட்பதற்குத்தான் அந்தப் பெயர். சமுதாயக் கூடம், ஹோட்டல், பப்பின் பின்னறை எங்கே வேண்டுமானாலும் நடக்கும். வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச மருத்துவம் தரும் மெடிக்கல் கார்டு, முதியோர் பென்ஷன், கவுன்சில் வீடு, பிளான் அனுமதி, ரோட்டுப் பள்ளம், மாற்றுத் திறனாளி வீட்டைச் சீரமைக்கும் மானியம்.

இப்போது அரசியல். ஜாக்கி ஃபியனா ஃபால் கட்சிக்காரர். 1932-இல் இருந்து பெரும்பாலான வருடங்கள் அயர்லாந்தை ஆண்ட பெரிய கட்சி அது. 1966 டிசம்பரில் தெற்குக் கெர்ரியில் இடைத்தேர்தல் வந்தது. டொனகால் கவுண்டியைச் சேர்ந்த அமைச்சர் நீல் பிளேனி அப்போது கட்சிக்கு இடைத்தேர்தல்களை நடத்திக்கொடுப்பதில் பெயர் வாங்கியவர். வீடு வீடாக, தெரு தெருவாகப் பட்டியல் போட்டு வேலை செய்யும் அந்த முறையை ஜாக்கி அந்தக் காலத்தில்தான் கற்றார். பிறகு பல வருடம் மற்றவர்களுக்காகத் தேர்தல் வேலை பார்த்தார். 1973-இல் கெர்ரி கவுண்டி கவுன்சிலுக்கு வந்தார். தேர்தலில் ஜெயித்து வரவில்லை, நியமனமாக வந்தார். அயர்லாந்தில் கவுன்சிலர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் கிடையாது. அந்தக் கட்சி சொல்லும் ஆளை மற்ற கவுன்சிலர்கள் ஏற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடியும் வரும். அடுத்த வருடமே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதன்பின் 2003 வரை ஒவ்வொரு தேர்தலிலும் மக்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த 30 வருடத்தில் அவர் அதிகமாகப் பேசியது ரோட்டைப் பற்றி. கெர்ரி கவுண்டியில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ரோடு இருக்கிறது. பெரும்பாலும் ஒரு வண்டி போனால் எதிர் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய மலைப்பாதைகள். பணமோ டப்ளினில் இருந்து வர வேண்டும். 1978-இல் வீட்டு வரியை ரத்து செய்தபிறகு கவுன்சில்களுக்குச் சொந்த வருமானம் இன்னும் சுருங்கிவிட்டது. அதை ரத்து செய்ததும் ஃபியனா ஃபால் அரசுதான், 1977 தேர்தல் வாக்குறுதிப்படி. அதனால் கவுன்சிலர் வேலை என்பது, குறைந்த பணத்தில் தன் பக்கத்து ரோட்டுக்கு முதலில் தார் விழ வைப்பது என்று ஆகிப்போனது.

அடுத்தது வீட்டு அனுமதி. அயர்லாந்துக் கிராமங்களில் வீடுகள் கொத்தாக இல்லாமல் வயலுக்கு ஒன்றாகச் சிதறி இருக்கும். அப்பா நிலத்தின் ஓரத்தில் மகன் வீடு கட்டுவது இங்கே பரம்பரை வழக்கம். ஆனால் இயற்கை அழகு கெடும், கழிவுநீர் நிலத்தில் இறங்கும், தபால் முதல் மின்கம்பி வரை செலவு ஏறும் என்று திட்ட அதிகாரிகள் மறுப்பார்கள். 1955 சட்டத்தின் நான்காவது பிரிவில் ஒரு வழி இருந்தது. கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினால், அதிகாரி மறுத்த அனுமதியையும் கொடுத்தாக வேண்டும். கெர்ரி, கால்வே மாதிரியான மேற்குப் பக்கக் கவுண்டிகளில் இதை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். ‘செக்‌ஷன் ஃபோர்’ என்றால் இங்குள்ள பெரியவர்களுக்கு இன்றைக்கும் உடனே புரியும்.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. மகனுக்கு வீடு கட்ட முடியாவிட்டால் மகன் டப்ளினுக்கோ பாஸ்டனுக்கோ போய்விடுவான், ஊர்ப் பள்ளிக்கூடம் மூடப்படும், ஹர்லிங் அணிக்கு 15 பேர் தேறமாட்டார்கள். இந்தப் பயத்தை ஜாக்கி மாதிரி ஆட்கள் மேலே இருந்து பார்க்கவில்லை, அதற்குள்ளேயே வாழ்ந்தார்கள். அதே சமயம், கென்மேர் வளைகுடாவை ஒட்டி வண்டியில் போனால், எந்தக் குன்றைப் பார்த்தாலும் தனித்தனியாக ஒரு பங்களா நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிவுத் தொட்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கார். அதன் விலையை இன்றைய தலைமுறை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டப்ளினில் நடந்தது வேறு வகை. அங்கே நிலத்தை வகைமாற்றம் செய்ய, கட்டட முதலாளிகளிடம் பணம் வாங்கிய கவுன்சிலர்கள் இருந்தார்கள். 1997-இல் அமைத்த விசாரணை ஆணையம் 2012-இல் இறுதி அறிக்கை கொடுத்தது. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த தரகர் ஒருவர் 2009-இல் சிறைக்கும் போனார். ஜாக்கியின் கதை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இவருக்குக் கிடைத்த கூலி ஓட்டுத்தான்.

1997-க்கு வருவோம். தெற்குக் கெர்ரியில் ஃபியனா ஃபாலின் பழைய பாராளுமன்ற உறுப்பினர் ஜான் ஓ’லியரி ஓய்வு பெற்றார். 1966 இடைத்தேர்தலில் ஜெயித்தவர் இவர்தான். அந்த இடம் தனக்கு வரும் என்று ஜாக்கி எதிர்பார்த்தார். வயது 66, கட்சிக்கு உழைத்தது 30 வருடத்துக்கு மேல். கட்சி அவருக்குச் சீட் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றவரின் மகனை நிறுத்தியது. ஜாக்கி சுயேச்சையாக இறங்கினார்.

அது மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. அயர்லாந்தில் ஓட்டுச் சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். மூன்று இடம் என்றால், செல்லும் ஓட்டில் கால் பங்குக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்தால் ஜெயம். ஒரு கணக்குக்கு 36,000 ஓட்டு என்று வைத்துக்கொண்டால் 9,001. முதல் விருப்பத்திலேயே அது வராவிட்டாலும் கவலையில்லை. கீழே இருப்பவர்கள் வெளியேற வெளியேற, அவர்கள் சீட்டில் இரண்டாவதாக, மூன்றாவதாக யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு ஓட்டுப் போய்ச் சேரும். பெரும்பான்மை வேண்டாம், நாலில் ஒருவர் உங்களை நம்பினால் போதும் என்கிற இந்த முறை உள்ளூர் ஆளுக்காகவே செய்தது போல இருக்கும். ‘கட்சிக்காரன்தான், ஆனால் ஜாக்கி என் அம்மாவுக்குப் பென்ஷன் வாங்கிக்கொடுத்தவர், இரண்டாவது நம்பர் அவருக்கு’ என்று எழுதுகிற கையை எந்தக் கட்சியும் தடுக்க முடியாது.

ஓட்டு எண்ணுவதை நான் இங்கே ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரிய விளையாட்டு அரங்கம், நீள நீளமான மேசைகள். உள்ளே ஊழியர்கள் ஒவ்வொரு சீட்டாக விரித்து அடுக்குகிறார்கள். இடுப்பு உயரத் தடுப்புக்கு வெளியே எல்லாக் கட்சி ஆட்களும் வரிசையாகச் சாய்ந்து நின்று, விரிக்கிற ஒவ்வொரு சீட்டிலும் ‘1’ எங்கே என்று பார்த்துக் காகிதத்தில் கோடு போடுகிறார்கள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. ‘டேலி’ என்று அதற்குப் பெயர். அரசு எண்ணி முடிக்கும் முன்பே எந்த ஊர்ப் பெட்டியில் எத்தனை ஓட்டு என்று இவர்கள் சொல்லிவிடுவார்கள். என் பக்கத்தில் நின்றவர் விரல் நுனியில் பென்சில் கரியோடு, ஒரு பெட்டியின் கணக்கைப் பார்த்துவிட்டு, எந்தச் சந்தில் இருந்து நாலு ஓட்டு வரவில்லை என்று சக ஆளிடம் சொன்னார். இந்த விஷயத்தில் ஜாக்கி பெரிய கைகாரர் என்று கெர்ரியில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அவ்வளவு வருடம் மற்றவர்களுக்காகக் கணக்குப் போட்டவர், தனக்காகப் போட்டபோது தப்பு வரவில்லை. ஜெயித்தார். ஃபியனா ஃபாலின் ஜான் ஓ’டொனஹ்யூ, தொழிற்கட்சியின் பிரீடா மொய்னிஹன்-க்ரோனின் ஆகியோர் மற்ற இரண்டு பேர். கட்சி நிறுத்திய மகன் தோற்றார்.

பாராளுமன்றக் கீழவையில் மொத்தம் 166 இடம். அந்தத் தேர்தலுக்குப் பின் பிரதமர் ஆன பெர்ட்டி அஹெர்ன் தலைமையில் ஃபியனா ஃபாலுக்கு 77, கூட்டணிக் கட்சிக்கு 4. ஆக 81, பெரும்பான்மைக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குறையை நிரப்பியது சில சுயேச்சைகள்: விக்லோவின் மில்ட்ரெட் ஃபாக்ஸ், டொனகாலின் ஹாரி பிளேனி, அப்புறம் ஜாக்கி. ஹாரி பிளேனி யார் தெரியுமா? 1966-இல் கட்சியின் இடைத்தேர்தல் வேலையை நடத்திய நீல் பிளேனியின் தம்பி. நீல் பிளேனியைக் கட்சி 1970களின் தொடக்கத்தில் வெளியேற்றியிருந்தது. கட்சி ஒதுக்கிய ஆட்களின் ஓட்டில்தான் அந்தக் கட்சியின் அரசு ஐந்து வருடம் முழுசாக ஓடியது. கெர்ரி வாக்காளர்களுக்கு இதில் இருந்த திருப்தியை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம்.

ஆதரவுக்குப் பதிலாக ஜாக்கி கேட்டது கொள்கை மாற்றம் இல்லை, வரிச் சீர்திருத்தமும் இல்லை. இந்த ரோடு, அந்தப் பாலம், இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம், அந்த ஊருக்கு ஆஸ்பத்திரி. கவுன்சிலர் எழுதும் மனுதான், முகவரி மட்டும் பிரதமர் அலுவலகம். கட்டம் போட்ட தட்டைத் தொப்பியோடு டப்ளின் பாராளுமன்றத்தில் அவர் நடந்து போனால் நகரத்துப் பத்திரிகைகள் கேலி செய்தன. அவரோ அதை மாற்றிக்கொள்ளவில்லை. தான் சாதாரண மக்களின் ஆள் என்பார். சாதாரண மக்கள் என்றால் யார் என்று கேட்டபோது, மத்தியான வேளையில் டின்னர் சாப்பிடுகிறவர்கள் என்று சொன்னது இங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டது. பண்ணையிலும் ரோட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு முக்கியச் சாப்பாடு மத்தியானம்தான். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ராத்திரி. ஒரு வாக்கியத்தில் யார் தன் பக்கம், யார் எதிர்ப் பக்கம் என்று பிரித்துவிட்டார்.

2002-இலும் ஜெயித்தார், 2007-இலும் ஜெயித்தார். 2007-இல் மறுபடியும் அஹெர்னுக்கு அவர் ஓட்டு தேவைப்பட்டது. அதன்பின் வந்ததுதான் கஷ்ட காலம். 2008-இல் வங்கிகள் சரிந்தன. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நிதியமும் சேர்ந்த 8,500 கோடி யூரோ உதவித் திட்டம் வந்தது. அடுத்த மாதம் வந்த கடுமையான பட்ஜெட்டை ஜாக்கி முதலில் ஆதரிக்க முடியாது என்கிற மாதிரி பேசினார், கடைசியில் ஆதரித்தார். அவரைப் பற்றி என் மனதில் இருக்கிற பெரிய குறை இதுதான். அரசுக்குத் தன் ஓட்டு தேவை என்கிற பலத்தை அவர் தன் தொகுதிக்காகப் பயன்படுத்தினார், சரி. ஆனால் நாட்டின் மொத்தக் கணக்கும் புரண்டுகொண்டிருந்தபோது, அந்த ஓட்டை வைத்து யாருக்கு வெட்டு விழுகிறது என்று கேட்டிருக்க வேண்டியவரும் அவர்தான். மத்தியானம் டின்னர் சாப்பிடுகிறவர்களின் சலுகைகளும்தான் அந்த பட்ஜெட்டில் குறைந்தன.

தொழிலும் பதவியும் ஒரே குடும்பத்தில் இருப்பதைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது. 2003-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே ஆள் பாராளுமன்றத்திலும் கவுன்சிலிலும் இருக்கக் கூடாது. ஜாக்கி கவுன்சிலை விட்டார். அந்த இடம் மகன் டேனிக்குப் போனது, அதே நியமன முறையில். இன்னொரு மகன் மைக்கேல் 1999-இலேயே கவுன்சிலர் ஆகியிருந்தார். டேனியிடம் பப்பும் ஜேசிபி தொழிலும். மைக்கேலிடம் கடை, பெட்ரோல் பங்க், தபால் நிலையம். ரோடு போடும் கவுன்சிலில் உட்கார்ந்திருக்கும் குடும்பமே, ரோடு வேலைக்கு இயந்திரம் வாடகைக்கு விடும் குடும்பமாகவும் இருந்தது. 2001 உள்ளாட்சிச் சட்டப்படி கவுன்சிலர்கள் வருடா வருடம் தங்கள் சொத்து, தொழில் விவரங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். தனக்கு லாபம் உள்ள விஷயம் விவாதத்துக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன ஊரில் இயந்திரம் வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், நேரம் இருப்பவர், நாலு பேரைத் தெரிந்தவர் எல்லாம் ஒரே ஆள் என்றால், சட்டம் எழுதினவர்கள் நினைத்த அளவுக்குக் கோடு நேராக விழாது.

இதற்கு நல்ல உதாரணம் 2013 ஜனவரி. ஒதுக்குப்புறத்தில் தனியாக வாழும் வயதானவர்கள், பப்பில் இரண்டு மூன்று கோப்பை குடித்துவிட்டு மெதுவாக வண்டி ஓட்டி வீட்டுக்குப் போக போலீஸ் அனுமதிச் சீட்டு தர வேண்டும் என்று டேனி கெர்ரி கவுன்சிலில் தீர்மானம் கொண்டுவந்தார். 27 பேர் கொண்ட கவுன்சில். ஆதரவு 5, எதிர்ப்பு 3. ஏழு பேர் ஓட்டுப் போடவில்லை, 12 பேர் வரவே இல்லை. தீர்மானம் நிறைவேறியது. உலகம் முழுக்கச் செய்தி ஆனது. நீதித்துறை அமைச்சர் ஆலன் ஷாட்டர் அதை ஏற்கவில்லை, எதுவும் நடக்கவும் இல்லை. தீர்மானம் கொண்டுவந்தவரே பப் நடத்துகிறவர் என்பதை எல்லோரும் சுட்டிக்காட்டினார்கள். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நவம்பர் மழையில் கவுண்டரில் பாதிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த முதியவரை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி அவர் வீட்டுக்குப் போக பஸ் கிடையாது, டாக்ஸி கிடையாது. தனிமை என்ற நிஜமான பிரச்சினைக்குத் தப்பான மருந்தை எழுதினார்கள். கிராமத்து ராத்திரி பஸ்ஸுக்காக அதே வேகத்தில் ஒரு தீர்மானம் வந்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

இன்னொன்று, என் சொந்த அனுபவம். எங்கள் சந்தில் தெருவிளக்கு ஒன்று ஆறு வாரமாக எரியவில்லை. நான் இணையத்தில் புகார் எழுதினேன், நம்பர் வந்தது, விளக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ‘ஏன் கவுன்சிலரிடம் சொல்லவில்லை?’ என்று கேட்டு, அவரே ஒரு கவுன்சிலருக்குப் போன் போட்டார். நாலாம் நாள் விளக்கு எரிந்தது. அடுத்த நாள் அந்தக் கவுன்சிலரிடம் இருந்து ஒரு கடிதம், ‘நான் எடுத்துச் சொன்னதன் பேரில்’ என்று. என் புகாரின் முறை வந்ததா, அவர் போன் போட்டதால் நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கடிதம் அவரிடம் இருந்துதான் வந்தது. இந்த ஊர் அரசியலின் அடிப்படை எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உரிமையாக வர வேண்டியது உதவியாக வருகிறது. பென்ஷனுக்குத் தகுதி இருந்தால் யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கிடைக்க வேண்டும். ஆனால் அந்தப் படிவத்தைப் பார்த்துப் பயப்படுகிற, ஆபீஸுக்குப் போன் போட்டால் பதற்றத்தில் பேச்சு வராத வயதானவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஜாக்கி மாதிரி ஒருவர் கதவைத் தட்டியது சின்ன விஷயம் இல்லை. அலுவலகங்கள் மனிதர்களிடம் ஒழுங்காகப் பேசியிருந்தால் இவருக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

2011-இல் ஜாக்கி ஓய்வு பெற்றார். அந்தத் தேர்தலில் ஃபியனா ஃபால் 20 இடங்களுக்குச் சுருங்கியது. தெற்குக் கெர்ரியில் முன்னாள் அமைச்சர் ஓ’டொனஹ்யூவே தோற்றார். அந்த அரசை முட்டுக்கொடுத்துத் தாங்கிய ஜாக்கியின் மகன் மைக்கேல், சுயேச்சையாக நின்று ஜெயித்தார். கோபம் கட்சி மேல் போனது, குடும்பத்தைத் தொடவில்லை. 2016-இல் கெர்ரி முழுவதும் ஒரே தொகுதியானபோது மைக்கேல் 20,000-க்கும் மேல் முதல் விருப்ப ஓட்டு வாங்கி முதலிடம் பிடித்தார். அண்ணன் டேனியும் கூடவே ஜெயித்தார். அண்ணன் தம்பிகள் தொகுதியை ஏரியா பிரித்து, எந்த ஊர்க்காரர் யாருக்கு ‘1’ போட வேண்டும், யாருக்கு ‘2’ போட வேண்டும் என்று விளம்பரமாகவே சொல்லி வாங்கிய ஓட்டு. பழைய டேலிக் கணக்கின் அடுத்த கட்டம் இது. 2019 உள்ளாட்சித் தேர்தலில் பேரப்பிள்ளைகள் மூன்று பேர், மோரா, ஜானி, ஜாக்கி ஜூனியர், கெர்ரி கவுன்சிலுக்குத் தேர்வானார்கள். 2025 ஜனவரியில் மைக்கேல் விவசாயத் துறையில் இணை அமைச்சர் ஆனார், காடு வளர்ப்புப் பொறுப்போடு. அப்பாவுக்குக் கிடைக்காத அமைச்சர் பதவி மகனுக்குக் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. நீங்கள் அயர்லாந்தில் இருப்பவராகவோ வரப் போகிறவராகவோ இருந்தால் இது உங்களுக்குப் பயன்படும். கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போட ஐரிஷ் குடியுரிமை வேண்டாம். 18 வயது முடிந்து இங்கே வசித்தால் போதும், வேலை அனுமதியில் வந்தவர்களும் பதிவு செய்துகொள்ளலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, கடைசியாக நடந்தது 2024 ஜூனில். அந்த மே மாதம் ஒரு சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டிய வேட்பாளர், என் பெயரை இரண்டு தடவை சரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, முதலில் கேட்டது கட்சியைப் பற்றி இல்லை. ‘உங்கள் ரோடு எப்படி இருக்கிறது?’ என்றார். பையில் இருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.